பழ ஈயின் நரம்புக்கலங்கள் பேசிக்கொள்ளும்போது கல்சியம் கால்வாய் என்ன செய்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கங்களில் உயர்தர உயிரியல் படிக்கிறவர்கள், படிப்பிக்கிறவர்கள், பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் போனவர்கள் ஆகியோர் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். நரம்பிணைப்பில் கல்சியம் உள்ளே போகிறது, செய்தியை அடுத்த கலத்துக்குக் காவும் வேதிப்பொருளான கடத்தி வெளியே வருகிறது என்று பாடக்குறிப்பு ஒரு வரியில் தாண்டிவிடும். அந்த ஒரு வரிக்குள்தான் இந்தப் பக்கம் முழுவதும் இருக்கிறது.

இது எங்கள் மாங்காயிலும் பாகற்காயிலும் புழு வைக்கிற பழ ஈயா?

இல்லை. பெயர்தான் ஒன்று. தோட்டத்தில் காயைத் துளைத்து முட்டையிடுவது பக்ரோசெரா இனம். அது வீட்டு ஈயின் பருமன், பார்வைக்குக் குளவி மாதிரி இருக்கும். ஆய்வுகூடத்து ஈ துரோசோபிலா மெலனோகாஸ்ரர். நீளம் 3 மில்லிமீற்றருக்குள், கண் சிவப்பு. நல்ல பழத்துக்கு அது ஒன்றும் செய்யாது. புளித்ததைத்தான் தேடி வரும். கள்ளு முட்டியின் வாயைச் சுற்றியும், முற்றத்தில் விழுந்து வெடித்த பனம்பழத்திலும், கதலிக் குலையின் கனிந்த நுனியிலும் மொய்க்கிறதே, அந்தப் பொடி ஈக்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் வெப்பநிலையில் துரோசோபிலா அனனாசே என்ற உறவினமும் கலந்தே வரும். ஆண் ஈயைப் பிடித்து வயிற்று நுனியைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் மெலனோகாஸ்ரர், வெளிறியிருந்தால் பெரும்பாலும் அனனாசே. பெண்ணை வைத்துப் பிரிப்பது கடினம்.

நரம்பைப் படிக்க ஏன் ஈ?

முட்டையிலிருந்து ஈ வெளிவர 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 10 நாள் போதும். நிறமூர்த்தம் நான்கே சோடி. முலையூட்டிகளில் கல்சியம் கால்வாயின் முதன்மைப் புரதத்துக்குப் பத்துப் பரம்பரையலகுகள் இருக்கின்றன. ஈயில் மூன்றுதான். பத்தில் ஒன்றைக் கெடுத்தால் மற்றது வந்து கைகொடுத்துவிடும், எது என்ன செய்தது என்று தெரியாது. மூன்றில் ஒன்றைக் கெடுத்தால் உடனே தெரிந்துவிடும். ஈயின் பெறுமதி இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். மலிவு, வேகம் எல்லாம் அதற்குப் பிறகு.

கால்வாய் என்கிறீர்கள். அது எப்படித் திறக்கிறது?

இரணைமடுவை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் தண்ணீர் நிற்கிறது, வயல் காய்ந்து கிடக்கிறது, நடுவில் துருசு. நரம்புக்கலத்துக்கு வெளியே கல்சியம் லீற்றருக்கு 1 முதல் 2 மில்லிமோல். உள்ளே ஓய்வில் அதில் ஏறத்தாழப் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான், அதாவது 0.1 மைக்குரோமோல் அளவு. உட்புறம் மறை ஏற்றம் உடையது என்பதும் சேர்ந்துகொள்ளும். துருசைச் சற்றுத் தூக்கினாலே போதும், பாய்ந்து வரும்.

தூக்குவது மின்னழுத்தம். கால்வாய்ப் புரதம் நான்கு ஒத்த பகுதிகளால் ஆனது. ஒவ்வொரு பகுதியும் மென்சவ்வை ஆறு தடவை ஊடுருவும். அந்த ஆறில் நாலாவது துண்டில் நேர் ஏற்றமுள்ள அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. நரம்பில் ஓடிவரும் மின்துடிப்பான தாக்க அழுத்தம் நரம்பு முடிவிடத்தை அடைந்து உட்புறம் நேராகும்போது இந்தத் துண்டு வெளிப்பக்கமாகத் தள்ளப்படும், வாசல் திறக்கும். வாசலின் ஒடுங்கிய இடத்தில் பகுதிக்கு ஒன்றாக நான்கு குளுத்தமேற்று எச்சங்கள் நிற்கின்றன. வெளியே சோடியம் பல மடங்கு கூடுதலாக இருந்தும் கல்சியமே உள்ளே போவதற்கு இந்த நான்கும்தான் காரணம்.

உவமை இவ்வளவுக்குத்தான் வரும். குளத்துத் துருசு திறந்தால் மணிக்கணக்கில் ஓடும். இது ஒரு மில்லிசெக்கன் அளவில் மூடிவிடும்.

உள்ளே போன கல்சியம் பிறகு என்ன செய்கிறது?

கடத்தி நிரப்பிய சின்னப் பைகளான புடகங்கள் முன்கூட்டியே மென்சவ்வில் ஒட்டிக் காத்திருக்கும். அவற்றின் மேல் சினப்ரோரக்மின் என்ற புரதம் இருக்கிறது. கல்சியம் அதில் பிணைந்ததும் புடகமும் மென்சவ்வும் ஒன்றாகி, கடத்தி இடைவெளிக்குள் கொட்டும். வாசல் திறப்பதிலிருந்து கொட்டுவது வரை ஒரு மில்லிசெக்கனும் ஆகாது.

இங்கே நின்று கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஒரு புடகம் கொட்ட ஒரு கல்சியம் அயன் போதாது, பல அயன்கள் ஒன்றாகப் பிணைய வேண்டும். அதனால் வெளிக் கல்சியம் குறைவாக இருக்கும் வீச்சில், கடத்தி விடுவிப்பு கல்சியச் செறிவின் நாலாம் அடுக்குக்குக் கிட்டிய விகிதத்தில் ஏறும். தவளையின் நரம்புத்தசைச் சந்தியில் இதை 1967 இல் டொட்ஜும் ரஹமிமொவும் காட்டினார்கள். ஈக்குடம்பியின் சந்தியிலும் இதே போக்குத்தான் என்று 1976 இல் லிலி ஜானும் யூ நுங் ஜானும் காட்டினார்கள். கணக்கு எளிது. கல்சியம் இரட்டித்தால் விடுவிப்பு 2 × 2 × 2 × 2, அதாவது 16 மடங்கு. பாதியானால் பதினாறில் ஒரு பங்கு. 1.5 மில்லிமோலை அண்டிய பிறகு இந்த ஏற்றம் தட்டையாகிவிடும்.

கீழே வருகிற செய்முறைப் பிழைகளில் பாதி இந்த நாலாம் அடுக்கிலிருந்து பிறந்தவை.

மூன்று வகை என்றீர்களே, அவை எவை?

காவ்1, காவ்2, காவ்3 என்ற மூன்று குடும்பங்களுக்கும் ஒவ்வொன்று. காவ்1 வகை தசையிலும் நரம்புக்கல உடலிலும் மும்முரம். காவ்3 சிறு அழுத்த மாற்றத்துக்கே திறப்பது. நரம்பு முடிவிடத்தில் புடகத்தைக் கொட்டவைப்பது காவ்2. அதன் பரம்பரையலகுக்குப் பெயர் ககோபொனி. அது எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. முற்றாக இழந்தால் முளையம் பொரிக்காமலே இறந்துவிடும்.

ககோபொனி என்றால் இசைக்கேடு அல்லவா? கால்வாய்க்கு ஏன் அந்தப் பெயர்?

ஆண் ஈ பெண்ணைக் கவர ஒரு சிறகை விரித்து அதிரவைத்துப் பாடும். 1970களில் கிடைத்த ஒரு விகார ஈயின் பாட்டு அலங்கோலமாக இருந்தது. ஒவ்வொரு துடிப்பிலும் அலைகள் கூடிப்போயின. பெயர் அப்போது வைத்தது. பரம்பரையலகைப் பிரித்தெடுத்து, அது கல்சியம் கால்வாய் என்று கண்டது 1996 இல். இடையில் வேறொருவர் வெளிச்சத்துக்குச் சரியாகத் துலங்காத ஈயைக் கண்டு அதற்கு இரவுக்குருடு என்று பெயர் வைத்திருந்தார். இன்னொருவர் முளையத்திலேயே சாகிற விகாரம் ஒன்றைக் குறித்திருந்தார். மூன்றும் ஒரே பரம்பரையலகு! பாட்டு, பார்வை, உயிர் என்று மூன்று திசையில் தேடினவர்கள் ஒரே துருசில் வந்து முட்டினார்கள்.

கால்வாய் இருந்தால் போதுமா? எங்கே இருக்கிறது என்பதும் முக்கியமா?

மிக முக்கியம். வாசலுக்குப் பக்கத்தில் கல்சியச் செறிவு ஓய்வுநிலையைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு ஏறும், ஆனால் சில பத்து நனோமீற்றர் தள்ளிப்போனாலே சரிந்துவிடும். ஆகவே புடகம் கால்வாயோடு ஒட்டி நிற்க வேண்டும். ஈயில் இந்த இடத்தை இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஆங்கில T எழுத்துப் போல ஒரு மேசை தெரியும். அதைக் கட்டுவதில் முதன்மையானது புரூஹ்பிலோட் என்ற புரதம். அது இல்லாத ஈயில் மேசை எழும்பாது, கால்வாய்கள் ஓரிடத்தில் திரளாது, முதல் துடிப்புக்கு வரவேண்டிய விடுவிப்பு படுத்துவிடும். கால்வாயும் உண்டு, புடகமும் உண்டு, இரண்டுக்கும் இடைத்தூரம் கூடிப்போய்விட்டது. 2006 இல் வெளியான இந்த முடிவை எங்களிடம் கேட்டால் இந்தத் துறையின் மிக அழகான ஒன்று என்போம்.

கால்வாய் நரம்பு முடிவிடம் வரை வந்து சேர ஆல்பா2டெல்டா என்ற துணைப் புரதமும் தேவை. அது குறைந்தால் கால்வாய் வழியிலேயே தங்கிவிடும்.

குடம்பியில் எப்படி அளக்கிறார்கள்?

போத்தல் சுவரில் ஏறும் மூன்றாம் பருவக் குடம்பியை எடுப்பார்கள், 25 பாகையில் முட்டையிட்டு ஏறத்தாழ ஐந்தாம் நாள். சிலிக்கன் ரப்பர் ஊற்றிய தட்டில் முதுகு மேலே இருக்கத் தலையிலும் வாலிலும் பூச்சி குத்துகிற மிக மெல்லிய ஊசி ஏற்றி, கல்சியம் சேர்க்காத கரைசலை ஊற்றி, நுண்கத்தரியால் முதுகு நடுவே வாலிலிருந்து தலைக்கு வெட்டுவார்கள். குடலையும் கொழுப்பையும் வழித்தெடுத்து, தோலை நாலு மூலையிலும் இழுத்துக் குத்தினால் உள்ளே தசைகள் பாய் விரித்தது போலக் கிடக்கும். வயிற்றின் மூன்றாம் கண்டத்தில் ஆறாம் இலக்கத் தசைதான் வழமையான இடம்.

பிறகு கல்சியமுள்ள கரைசலை மாற்றி, மூளையிலிருந்து நரம்பை வெட்டி, அதன் வெட்டு முனையை உறிஞ்சு மின்வாய்க்குள் இழுப்பார்கள். தசைக்குள் 3 மோல் பொற்றாசியம் குளோரைட்டு நிரப்பிய கூர்க்கண்ணாடி மின்வாய் போகும். அதன் தடை 10 முதல் 25 மெகாஓம் வரை. ஓய்வழுத்தம் மறை 60 மில்லிவோற்றை எட்டாத தசையைக் கழித்துவிட வேண்டும். இரக்கப்பட்டு வைத்திருக்கக் கூடாது.

தூண்டாமல் இருக்கும்போதே மின்வாய் காட்டும் அழுத்தக் கோட்டில் சின்னச் சின்ன மேடுகள் தெரியும், ஒவ்வொன்றும் 1 மில்லிவோற்று அளவு. அது ஒரு புடகம் தானாகக் கொட்டியது. நரம்பைத் தூண்டினால் பெரிய மேடு வரும். பெரியதைச் சின்னதால் வகுத்தால் எத்தனை புடகம் என்று கிடைக்கும். 24 மில்லிவோற்றுப் பெரிய மேடு, 0.8 சின்ன மேடு என்றால் 30 புடகம். மேடு இன்னும் உயர்ந்தால் இந்த வகுத்தல் குறைத்துக் காட்டும், திருத்தம் வேண்டும். கால்வாய் கெட்ட ஈயில் சின்ன மேட்டின் உயரம் மாறாது, புடக எண்ணிக்கை விழும். சின்ன மேடே சிறுத்திருந்தால் முதலில் தசைப்பக்கக் குளுத்தமேற்று வாங்கியைச் சந்தேகியுங்கள்.

கரைசலில் என்னென்ன, எவ்வளவு?

எச்.எல்.3 என்று அழைக்கிற உப்புக்கரைசல்தான் வழமை. ஒரு லீற்றருக்கு சோடியம் குளோரைட்டு 4.09 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 0.37, ஆறு நீர் மூலக்கூறுள்ள மக்னீசியம் குளோரைட்டு 4.07, சோடியம் இருகாபனேற்று 0.84, சுக்குரோசு 39.4, இரு நீர் மூலக்கூறுள்ள திரேகலோசு 1.89, ஹெப்பீசு 1.19. பீ.எச். 7.2. இரு நீர் மூலக்கூறுள்ள கல்சியம் குளோரைட்டைத் தனியாக வைத்திருந்து, வேண்டிய அளவு கடைசியில் சேர்க்க வேண்டும். 0.22 கிராம் 1.5 மில்லிமோலைத் தரும். அளவீட்டுக்கு 0.4 மில்லிமோல் போல வைப்பது நல்லது. ஏற்றம் செங்குத்தாக இருக்கும் வீச்சு அது, கால்வாயின் சிறு குறையும் தெரியும்.

திரேகலோசு விலை கூடியது. பாடசாலைக் காட்சிக்கு அதை விட்டு, வெள்ளைச் சீனியை 41 கிராமாக்கினால் சமாளிக்கலாம்.

கிணற்றுத் தண்ணீரில் கரைசல் போடலாமா?

போடக் கூடாது. அதிகம் பிழைக்கிற இடம் இதுதான்.

கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அது கல்சியம் காபனேற்று. முருங்கன், பூநகரிப் பக்கச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இது நன்றாகவே தெரியும். கடினத்தன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம் காட்டுகிற ஒரு கிணற்றை எடுங்கள். கல்சியம் காபனேற்றின் மூலர்த் திணிவு 100, ஆகவே கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்து 3 மில்லிமோல். அதில் பாதி கல்சியம் என்றாலும் 1.5 மில்லிமோல். நீங்கள் 0.4 என்று எழுதிவைத்த கரைசலில் உண்மையில் 1.9 இருக்கும். எந்த ஈயை வைத்தாலும் மேடு உச்சத்தில் நிற்கும், விகார ஈக்கும் சாதாரண ஈக்கும் வித்தியாசம் மங்கிப்போகும். கல்சியம் இல்லாத கரைசல் என்று நம்பி வெட்டத் தொடங்கினால் குடம்பி கத்தரிக்குக் கீழே துடித்துக்கொண்டே இருக்கும்.

கொதிக்கவைத்து ஆறவிட்டால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டும் போகும். மண் வடிகட்டி கல்சியத்தைப் பிடிக்காது. ஊர்களில் இப்போது கிடைக்கிற ஆர்.ஓ. தண்ணீரில் பெரும்பகுதி போயிருக்கும், ஆனால் சில இடங்களில் சுவைக்காகக் கனியுப்பைத் திரும்பச் சேர்ப்பார்கள், கேட்டுப் பாருங்கள். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காவிட்டால் பற்றறிக்கு விடுகிற அயன் நீக்கிய தண்ணீர் நல்ல மாற்று. போத்தலில் அமிலம் கலந்ததல்ல என்று பார்த்து வாங்க வேண்டும், இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருப்பார்கள். மாரி மழையை வெட்டவெளியில் பிளாஸ்ரிக் வாளியில் நேரே பிடித்தாலும் சரி. சீமெந்துத் தொட்டியில் தேங்கிய மழைநீர் வேண்டாம், சீமெந்தே சுண்ணாம்பு.

வேறென்ன பிழைக்கும்?

மேடு திடீரென்று இரட்டித்தால் கால்வாய் மாறிவிட்டது என்று துள்ளாதீர்கள். ஆறாம் தசைக்கு இரண்டு நரம்புநார்கள் வருகின்றன. தூண்டலைக் கூட்டும்போது முதலில் ஒன்று, பிறகு இரண்டும் எழும்பும். இரண்டும் எழும்பிய அளவுக்குச் சற்று மேலே நிறுத்தி எல்லாத் தசைக்கும் அப்படியே செய்யுங்கள்.

அடிக்கோடு மெல்ல நகர்ந்தால் வெள்ளிக் கம்பியின் குளோரைட்டுப் பூச்சு உரிந்திருக்கும். அடிக்கோடு முழுவதும் ஒழுங்கான அலையாக இருந்தால் 50 ஹேர்ட்ஸ் மின்னிரைச்சல்: குழல்விளக்கை அணையுங்கள், எல்லாக் கருவியையும் ஒரே புள்ளியில் நிலத்தொடுப்புச் செய்யுங்கள். மேலே விசிறி சுற்றினால் மின்வாய் தசையிலிருந்து நழுவும். விசிறியை நிறுத்தினால் அறை 33 பாகைக்குப் போகும், தயாரிப்பு அரைமணியில் சோரும். விடியப்புறம் தொடங்குவதுதான் வழி.

மின்கருவி இல்லாத பாடசாலையில் ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். பிரித்துப் பார்க்கும் நுணுக்குக்காட்டியும் நல்ல தண்ணீரும் இருந்தால் போதும். மேலே சொன்ன மாதிரி குடம்பியைக் கல்சியமில்லாத கரைசலில் விரியுங்கள், ஆனால் மூளையையும் நரம்புகளையும் வெட்டாமல் விடுங்கள். தசை அசையாமல் கிடக்கும். கரைசலை உறிஞ்சி எடுத்துவிட்டு 1.5 மில்லிமோல் கல்சியமுள்ளதை இரண்டு தடவை மாற்றி ஊற்றுங்கள். சற்று நேரத்தில் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் சுருக்கம் அலையாக ஓடத் தொடங்கும், விரித்துக் குத்திய தோல் நடந்துபோகப் பார்க்கும். மறுபடி கல்சியமில்லாததை ஊற்றினால் அடங்கும். அசைவு திரும்பாவிட்டால் பெரும்பாலும் குடலை இழுக்கும்போது நரம்பும் அறுந்திருக்கும்.

இதில் ஒரு ஓட்டை உண்டு, கெட்டிக்காரப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். ஈயின் தசை தானே சுருங்கவும் வெளிக் கல்சியம் தேவை. ஆகவே அடங்கியது நரம்பு முடிவிடத்தாலா தசையாலா என்று இந்தக் காட்சி மட்டும் சொல்லாது. அதைப் பிரித்துச் சொல்லத்தான் மின்வாய்.

வன்னி வெக்கையில் ஈ வளருமா?

வளரும், ஆனால் 30 பாகையை அண்டினால் ஆண்கள் மலடாகும், போத்தல் ஒரு தலைமுறையில் வெறுமையாகும். அகன்ற தட்டில் தண்ணீர் விட்டு, ஈரச் சாக்கால் மூடிய மண்பானைக்குள் போத்தலை வைத்தால் சில பாகை குறையும். தட்டுத் தண்ணீர் எறும்பையும் தடுக்கும்.

தீனிக்கு ஒரு லீற்றர் தண்ணீர், அகர் 10 கிராம், சோளமா 70, காய்ந்த ஈஸ்ற் 20, சீனி அல்லது பனங்கட்டி 60. காய்ச்சி, 60 பாகைக்குக் கீழே ஆறியபிறகு 5 மில்லிலீற்றர் புரொப்பியோனிக் அமிலம். சூட்டோடு விட்டால் ஆவியாகிப் போய், மூன்றாம் நாள் பூஞ்சணம் நரைத்து நிற்கும்.

பூச்சிநாசினிகள் இந்தக் கால்வாயைத்தான் தாக்குகின்றனவா?

கடைகளில் உள்ளவற்றில் பெரும்பாலானவை இல்லை. பைரெத்ரொயிட்டு வகை சோடியம் கால்வாயைத் திறந்தபடி வைத்திருக்கும். ஓகனோபொஸ்பேற்று அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியத்தைத் தடுக்கும். பூச்சியின் மூளையில் அசற்றைல்கோலின்தான் முதன்மைத் தூண்டுகடத்தி, தசைச் சந்தியில் குளுத்தமேற்று. எங்களில் கிட்டத்தட்ட மறுதலை. குளோரன்ரனிலிப்ரோல் கல்சியத்தோடு விளையாடும், ஆனால் அது திறப்பது தசைக்குள்ளே இருக்கிற சேமிப்பறையின் வாசலை. ககோபொனிக் கால்வாயை நேரே அடைப்பது சிலந்தி நஞ்சுகள் சில.

மனிதருக்கு இதனால் என்ன?

ககோபொனிக்கு இணையான மனிதப் பரம்பரையலகு ஒன்றில் விகாரம் ஏற்பட்டால், ஒருவகைக் குடும்பவழி ஒற்றைத் தலைவலியும், இடையிடையே நடை தள்ளாடும் நோயும் வரும்.

கால்வாய் கெட்ட ஈக்களை எடுப்பித்து வளர்க்கலாமா?

உலகின் பெரிய ஈச்சேமிப்பு அமெரிக்காவில் புளூமிங்ரனில் இருக்கிறது. விகார ஈக்களை அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது, ஆகவே பல்கலைக்கழகம் ஒன்றின் வழியாகக் கேளுங்கள். வகுப்புக்குப் பொருத்தமானது ககோபொனியின் வெப்பவுணர் விகாரம். 36 முதல் 38 பாகைக்குச் சூடாக்கினால் ஈ விழுந்து கிடக்கும், ஆறவிட்டால் எழும்பும். கண்ணாடிக் குழாயை வெந்நீர்ப் பாத்திரத்தில் பிடித்தாலே போதும். புடகத்தை மீட்பதில் பழுதுள்ள ஷிபிரே என்ற விகாரத்தையும் சிலர் கேட்கிறார்கள். அது 29 பாகையை ஒட்டியே விழும். சித்திரை மாதத்து வகுப்பறையில் அதை வெளியே எடுத்தால் காலை பத்து மணிக்கே எல்லாம் மல்லாந்து கிடக்கும், ஒப்பிட்டுப் பார்க்க நிற்கிற ஈ ஒன்றும் மிஞ்சாது.